வழியில் முறியும் தூண்டில் தடி: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

லண்டனில் இருக்கும் மச்சான் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, தான் பாவித்து முடித்த 12 அடிக் கெண்டைத் தடி இரண்டைத் தந்துவிட்டுப் போனான். காபன் தடிகள், இரண்டு துண்டாகக் கழருபவை. அதில் ஒன்று ஒரு மீனையும் காணாமலே நுனியை இழந்தது. இரணைமடுக் குளத்துக்குப் போகவென்று விடிய நாலரைக்கு எழும்பி, ஓட்டோவுக்குள் குறுக்காக வைத்தேன். ஓட்டோ படலையால் திரும்பும்போது வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனி மதில் தூணில் தொட்டது. ஈர்க்கு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கூட்டாளிகளின் தடிகளும் ஒவ்வொன்றாக என் விறாந்தைக்கு வரத் தொடங்கின. பார்த்தவரைக்கும் மீன் இழுத்து முறிந்த தடி குறைவு. போகும்போதோ வரும்போதோ எங்கோ இடிபட்டு, அப்புறம் ஒருநாள் தண்ணீரடியில் முறிந்ததுதான் கூட. தூரப் பயணமென்றால் ஆள் பார்த்துப் பார்த்துக் கட்டுவான். "பண்ணைப் பாலத்துக்குத்தானே, பத்து நிமிசம்" என்று வெளிக்கிடும் பயணங்களில்தான் தடி அடிபடுகிறது.

இந்த நீளத் தடிகள் இங்கிலாந்துக் குளங்களுக்கென்று செய்தவை. அங்கே பெரும்பாலானவர்கள் காரில் போட்டுக் குளத்துக்குக் கிட்டவரை கொண்டுபோவார்கள். நமக்கோ யாழ் குடாநாட்டுக்குள் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. கெண்டை, ரோகு, கட்லா வேண்டுமென்றால் வன்னிக் குளங்களுக்குப் போக வேண்டும். அதுவும் மோட்டார் சைக்கிளில், பஸ்ஸில், ஓட்டோவில். உள்ளூரிலென்றால் அதே தடி பண்ணைப் பாலத்திலோ பொன்னாலைப் பாலத்திலோ உப்புத் தண்ணீரில் நிற்கும். ஆகவே அங்கத்தைய ஆலோசனை எல்லாம் இங்கே அப்படியே பொருந்தாது. உங்கள் தடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

நுனியில் ஓரிரு அங்குலம் போய்விட்டது

கதவு, மதில், மின்விசிறி, பஸ் யன்னல், இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணம். வீட்டுக்குள் வைத்து இரண்டு துண்டையும் பூட்டி "எப்படி இருக்கு பார்" என்று காட்டப்போய் மின்விசிறியில் கொடுத்தவர்களும் உண்டு. தடியைப் பூட்டுவது தண்ணீரடியில்தான். கழற்றுவதும் அங்கேதான்.

இரண்டு அங்குலத்துக்குள் முறிந்திருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். முறிந்த துண்டோடு போன நுனி வளையத்தை, அதாவது தங்கூசி (தூண்டில் நூல்) ஓடும் வளையத்தை, எறிந்துவிடாதீர்கள். அதன் கழுத்துக் குழாயை மட்டும் லைற்றரில் சில விநாடி சூடாக்கினால் உள்ளே உள்ள பசை இளகும்; குறட்டால் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் காபன் துண்டை இழுத்தெடுக்கலாம். நெருப்புத் தடியில் படவே கூடாது, காபனைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் வெந்துவிடும். பிறகு முறிந்த முனையில் ரேப் சுற்றி, சிராம்பு இல்லாத இடத்தில் மெல்லிய இரும்பு வாளால் தடியை உருட்டி உருட்டி அறுக்க வேண்டும். குறட்டால் நறுக்கினால் குழல் நசிந்து மேலும் கீறும். மட்டத்தாளை நனைத்து முனையைத் தேயுங்கள். உலர்ந்த காபன் தூசு தோலில் அரிக்கும், மூக்குக்குள் போவதும் நல்லதல்ல.

கீழே வரவரத் தடி தடிப்பதால் பழைய வளையம் ஏறாமல் போகலாம். அடுத்த அளவு வளையம் ஒன்று வாங்குங்கள். சூட்டில் இளகும் பசைக் குச்சியால் ஒட்டுங்கள், மற்ற வளையங்களோடு நேராக இருக்கிறதா என்று அடியில் கண்ணை வைத்துப் பாருங்கள். எப்பொக்சியால் ஒட்டினால் பலம்தான், ஆனால் அடுத்த தடவை கழற்றப் படாதபாடு படுவீர்கள். அடுத்த தடவை என்று ஒன்று வரும்.

அரை அடிக்கு மேல் போயிருந்தால் நான் மினக்கெட மாட்டேன். நுனியின் நெளிவு போய்விடும், மீன் தொட்டுப் பார்ப்பது தெரியாது. அதைப் பாரமான ஈயம் வீசும் களப்புத் தடியாக வைத்துக்கொள்ளலாம்.

திரும்ப நடக்காமல் இருக்க: 25 மில்லிமீற்றர் வயரிங் குழாயில் ஒரு சாண் வெட்டி, உள்ளே கொஞ்சம் ஸ்பொஞ்ச் திணித்து, நுனிக்குத் தொப்பியாகப் போடுங்கள். நுனி வளையம் பெரிதென்றால் 32. நான் அதற்குச் சிவப்பு ரேப் சுற்றியிருக்கிறேன். அழகுக்கு இல்லை, பின்னால் வருபவர் காணவேண்டும் என்றுதான்.

வீசும்போது நடுவில் வெடித்தது. மீனும் இல்லை, ஒன்றும் இல்லை

இதுதான் ஆட்களுக்கு விளங்காத கேஸ். "சாமான் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். சில நேரம் சாமானும் சரியில்லாமல் இருக்கலாம். ஆனால் முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் வார்னிஷை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அரிசிமணியளவு ஒரு குழி இருக்கிறதா? என் விறாந்தைக்கு வந்தவற்றில் அடிக்கடி கண்டது அதுதான்.

காபன் தடி உள்ளே வெறும் குழல். நார்கள் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடுகின்றன. அதனால் வளைத்தால் தாங்கும். ஒரு புள்ளியில் குத்தினாலோ பக்கவாட்டில் நசித்தாலோ தாங்காது. குத்துப்பட்ட உடனே முறிந்தால் காரணம் தெரிந்துவிடும். இது அப்படியில்லை. உள்ளே சில நார்கள் அறுந்து, வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ, முழுப்பலத்தோடு வீசும்போது குழல் அந்த இடத்தில் மடியும்.

குத்துவது எது? பெரும்பாலும் உங்கள் சொந்த ஈயக்குண்டு. குறுகிய பயணத்துக்குப் போகிறவர்கள் நேரம் மிச்சம் பிடிக்க, தங்கூசி கோத்து, முள்ளும் ஈயமும் கட்டியபடியே தடியை இரண்டாக மடித்துக்கொண்டு போவார்கள். நல்ல யோசனைதான், நானும் செய்வேன். ஆனால் 3 அவுன்ஸ் ஈயம், அதாவது 85 கிராம், தொங்கிக்கொண்டு குண்டும் குழியுமான குளக்கட்டு ரோட்டில் போகும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். சின்னச் சுத்தியல் ஒன்றைத் தடியில் கட்டிவிட்ட கதைதான்.

கட்டியபடியே கொண்டுபோவதென்றால் நான் செய்வது இது. ஈயத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவேன், அல்லது பழைய காலுறைக்குள் விட்டு ரீல் பக்கத்தில் கட்டுவேன். முள்ளை வளையத்தின் காலில் மாட்டுவேன். பீங்கான் உள்வளையத்தில் ஒருபோதும் மாட்டுவதில்லை, ஏன் என்று கீழே வரும். மாட்டியபின் தங்கூசியை இறுக்கிச் சுற்றாமல் ஒரு விரல் போகுமளவுக்குத் தொய்ய விடுவேன். இறுகிய தங்கூசி மடித்த தடியின் நுனியை வில்லாக இழுத்து வைத்திருக்கும். அந்த நேரம் மேலே ஒரு தட்டு விழுந்தால் போதும்.

மடிக்கும்போது நுனித் துண்டின் நுனி, அடித்துண்டின் கைபிடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சம நீளத் துண்டுகளில் இரண்டு முனையும் ஒரே மட்டத்துக்கு வரும். நுனித் துண்டை இரண்டு அங்குலம் மேலே தள்ளிக் கட்டுங்கள். பையை நிலத்தில் குத்தி வைத்தால் அடியிலுள்ள ரப்பர் மூடிதான் குத்துப்பட வேண்டும், நுனி வளையம் அல்ல. இந்த ஒரு பழக்கத்துக்குப் பிறகு எனக்கு நுனி வளையம் நசிந்ததே இல்லை.

இரண்டு துண்டுக்கும் இடையில் ஸ்பொஞ்ச் துண்டு இரண்டு, இரண்டு இடத்தில் வெல்க்ரோ பட்டி. சைக்கிள் ரியூபை வளையமாக வெட்டிப் போடுவது நம்மூர் வழக்கம். அவசரத்துக்குச் சரி. ஆனால் வெயிலில் கிடந்தால் ரப்பர் வார்னிஷோடு ஒட்டிக் கறுப்புக் கறை விடும். ரியூப்தான் கையில் இருக்கிறது என்றால் கீழே ஒரு சீலைத் துண்டு சுற்றிவிட்டுப் போடுங்கள். இரண்டு தடி கொண்டுபோனால் ஒவ்வொன்றுக்கும் தனி உறை வேண்டும். பழைய சாரம் ஒன்றை நீளவாட்டில் மடித்துத் தைத்தால் நல்ல உறை. நீளம் காணாது, இரண்டு சாரத்தை மூட்ட வேண்டி வரும். என் உறையில் ஒரு பாதி நீலக் கட்டம், மறு பாதி பச்சைக் கோடு.

இனி, முறியாத தடியில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது. பஞ்சைக் குழல் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். எங்கே இழை பிடிக்கிறதோ அங்கே நிற்பாட்டி, பெருவிரலால் மெதுவாகச் சுற்றி அழுத்துங்கள். நல்ல குழல் அசையாது. காயப்பட்டது மெத்தென்று உள்ளே போகும், அல்லது மெல்லக் கிறிச்சிடும். அப்புறம் பூட்டி, நுனியைச் சீலையால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக் காதைக் கொடுங்கள். "டிக், டிக்" என்று கேட்டால் அந்தத் தடியை முழுப்பலத்தில் வீசாதீர்கள். முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் சாமான் அது.

தங்கூசி அடிக்கடி அறுகிறது

முதலில் முடிச்சைச் சந்தேகப்படுங்கள், அடுத்து பாறையை. இரண்டும் இல்லையென்றால் வளையம்தான். வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் உள்வளையம் மிக வழுவழுப்பானது, ஆனால் அடிபட்டால் மயிரிழையில் கீறும். அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, தங்கூசிக்கு மட்டும் தெரியும். முள்ளை அதில் மாட்டிக்கொண்டு போவதும், வளையத்தோடு வளையம் மோதுமாறு இரண்டு தடிகளைச் சேர்த்துக் கட்டுவதும்தான் இதற்குக் காரணம்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இழை பிடித்துக்கொண்டால் அதுதான் கள்ளன். அதை மட்டத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். வளையத்தை மாற்றத்தான் வேண்டும். நூல் சுற்றி வார்னிஷ் பூசும் வேலை ஒரு பின்னேரத்துக்குள் முடியும், காய்வதற்கு மட்டும் ஒரு நாள் விட வேண்டும்.

இரண்டு துண்டும் கழர மாட்டேன் என்கிறது

மணல், உப்பு, பூட்டியபடி நாள்கணக்கில் விட்டது, மூன்றில் ஒன்று. பொருத்துக்குள் ஒரு மணல் துணிக்கை போனாலும் போதும்.

செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். வளையங்களைப் பிடித்துத் திருகாதீர்கள், கால் வளைந்து நூல்கட்டுப் பெயரும். குறட்டைக் கொண்டு வராதீர்கள். ஒருவர் ஒரு முனையும் மற்றவர் மறு முனையும் பிடித்துக் கயிறிழுப்பு நடத்தாதீர்கள். கழரும் நொடியில் இருவரும் விழ, தடி மதிலில் போய் விழும்.

ஆள் இரண்டென்றால் நேருக்கு நேர் நில்லுங்கள். ஒவ்வொருவரும் ஒரு கையை மேல் துண்டிலும் மறு கையைக் கீழ்த் துண்டிலும் வையுங்கள், பொருத்துக்குக் கிட்ட. இருவரும் சேர்ந்து நேராக இழுக்க வேண்டும். கழன்றாலும் இரண்டு துண்டும் இருவர் கையிலும் இருக்கும். தனி ஆளென்றால் கொஞ்சம் குந்தி, தடியை இரண்டு முழங்காலுக்கும் பின்னால் குறுக்காக வைத்து, கைகளை முழங்கால்களுக்கு வெளியே கொண்டுபோய்த் தடியைப் பிடித்துக்கொண்டு முழங்கால்களை அகட்டுங்கள். கை இழுப்பதைவிடத் தொடை தள்ளுவது பலம், நேராகவும் தள்ளும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பிடி வழுக்கினால் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு ரியூபை மிஞ்ச ஒன்றுமில்லை.

ஒருமுறை குளத்தடியில் எதற்கும் கழராமல், 12 அடியையும் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நீட்டி வைத்து ஏ9 ரோட்டுக்கு வந்தேன். அங்கிருந்து வீடு வரை வந்தது வேறு கதை. அடுத்தநாள் அண்ணரின் மகனும் நானும் இழுக்க ஒரே இழுவையில் கழன்றது.

கழன்ற பிறகு ஆண் பகுதியையும் பெண் பகுதியையும் ஈரச்சீலையால் துடைத்துக் காய விடுங்கள். ஆண் பகுதியில் மெழுகுதிரியை ஒருதரம் தேய்த்துச் சீலையால் மினுக்குங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், கிறீசும் வேண்டாம். அவை மணலைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

பொருத்து ஆடுகிறது

வீசும்போது கையில் ஒரு "தட்" தெரியும், அல்லது வீசி முடிய நுனித் துண்டு சற்றுத் திரும்பியிருக்கும். மெழுகுதிரி இதற்கும் உதவும், தற்காலிகமாக. ஆட்டத்தோடு தொடர்ந்து வீசினால் பெண் பகுதியின் வாய் வெடிக்கும்.

சில தடிகளில் உள்ளே ஒரு செருகு துண்டு இருக்கும். அந்த வகையில் பூட்டிய பிறகும் இரண்டு துண்டுக்கும் இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளி தெரிந்தால் பயப்படாதீர்கள், அது வேண்டுமென்றே விட்டது. தேயத் தேய அந்த இடைவெளி குறையும். முற்றாக மூடிவிட்டால்தான் கவலை.

நுனி வளையம் தானாகச் சுற்றுகிறது

வெயில். பூட்டிய வாகனத்துக்குள்ளோ, மூடிய பிளாஸ்ரிக் குழாயில் முற்றத்து வெயிலிலோ கிடந்தால் பசை இளகும். சித்திரை வைகாசியில் இது சாதாரணம். நேராக்கி, நிழலில் ஆறவிட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது தடவையும் இளகினால் கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள், இல்லையென்றால் ஒருநாள் ஈயத்தோடு சேர்ந்து அதுவும் தண்ணீருக்குள் பறக்கும்.

ரீல் ஆடுகிறது, ரீலின் கைபிடி வளைந்துவிட்டது

மோட்டார் சைக்கிள் அதிர்வில் ரீலைப் பிடித்திருக்கும் சுரை தானாகத் தளரும். தண்ணீரடிக்குப் போனவுடன் முதல் வேலையாக அதை இறுக்குங்கள். மறந்துபோய், முதல் வீச்சிலேயே ரீல் காலடியில் விழுந்த ஆட்களைத் தெரியும். கைபிடி வளைவதற்குக் காரணம் ரீலோடு தடியைப் பைக்குள் போட்டு மேலே சாமான் ஏற்றியது. அரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டமென்றால் ரீலைக் கழற்றி முதுகுப்பைக்குள், துவாயால் சுற்றி வையுங்கள். வாயை அறுத்தெடுத்த பழைய தண்ணீர்ப் போத்தல் ரீலுக்கு நல்ல உறை.

வளையக் காலில் பச்சை, தடியில் வெள்ளைப் படலம்

இரண்டும் ஒன்றல்ல. பச்சை என்றால் உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிட்டது. களப்பால் வந்து ஈரத்தோடு உறைக்குள் போட்டு மூலையில் சாத்தியதன் பலன். பழைய பல் தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். வார்னிஷுக்கு அடியில் மண்ணிறமாகக் கசிவு தெரிந்தால் மட்டும் தூரிகை உதவாது. வளையத்தின் கால் உள்ளேயே துருப்பிடித்திருக்கிறது. அந்த வளையத்தைக் கழற்றத்தான் வேண்டும்.

வெள்ளை நம்முடைய கிணற்றின் வேலை. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது; கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் உப்பைக் கழுவ ஊற்றிய தண்ணீரால் தடியிலும் படிகிறது. உப்பைக் கழுவியது சரி, துடைக்காமல் காயவிட்டதுதான் பிழை. வினாகிரியில் நனைத்த பஞ்சால் துடைத்து, உடனே தண்ணீரால் கழுவி, உலர்ந்த சீலையால் ஒற்றுங்கள். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப்புளி. ரீலுக்குள் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

களப்பால் வந்தால் ஒரு போத்தல் நல்ல தண்ணீர், ஒரு சீலை, ஐந்து நிமிடம். உறையைத் தனியாகக் கழுவிக் கொடியில் போடுங்கள். தடியை நிழலில் நிற்பாட்டுங்கள். உறையைக் கழுவாமல் கழுவிய தடியை உள்ளே விட்டால் உப்பு திரும்ப ஏறும், செய்த வேலை வீண்.

கைபிடியை எலி கடித்துவிட்டது

சிரிக்காதீர்கள். கெண்டைக்கு நாம் குழைப்பது கோதுமை மா, பாண், அவித்த உருளைக்கிழங்கு, சிலர் தேனும் விடுவார்கள். அந்தக் கையால் பிடித்த தக்கைக் கைபிடி எலிக்குப் பாணைப் போலத்தான் மணக்கும். முதல் இரவு எறும்பு வரும், இரண்டாம் இரவு எலி. வந்தவுடன் கைபிடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கடித்த குழியை, போத்தல் தக்கையை அராவி எடுத்த தூளோடு மரப்பசை குழைத்து நிரப்பி, காய்ந்தபின் தேய்த்தால் பாதி மறையும். கடித்தது கடித்ததுதான்.

தடி நல்லாய்த்தான் இருக்கிறது, கொண்டுபோகத்தான் வழியில்லை

12 அடித் தடி இரண்டாக மடித்தால் 6 அடிக்குச் சற்று மேல். தலைவலி அந்த நீளத்தால்தான்.

மோட்டார் சைக்கிளில் பலரும் செய்வது, பின்னால் இருப்பவர் நட்டுப் பிடித்துக்கொண்டு வருவது, அல்லது தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டுவது. இருக்கையில் இருப்பவரின் தலைக்கு மேலே ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒழுங்கைக்குள் முருங்கைக் கொப்பும் வேலிக் கதியாலும் சும்மா விடாது. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்திலோ சங்குப்பிட்டிப் பாலத்திலோ போய்ப் பாருங்கள், அகலமான பை பாயாக மாறி ஆளையே தள்ளும். எல்லாவற்றையும்விட மேலே மின்கம்பி. காபன் மின்சாரத்தைக் கடத்தும். பூட்டிய 12 அடித் தடியைத் தூக்கிக்கொண்டு கம்பிக்குக் கீழே நடப்பது உயிரோடு விளையாடுவது. மின்னல் நேரத்திலும் அப்படியே. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் இருண்டால் தடியை நிலத்தில் வைத்துவிட்டு விலகிப் போய் நில்லுங்கள், மீன் இழுத்துக்கொண்டிருந்தாலும்.

நான் இடப்பக்கத்தில், நிலத்துக்குச் சமாந்தரமாகக் கட்டுவேன். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் சைலன்சர் வலப்பக்கம், அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் தடி போகக் கூடாது. வண்டியின் மொத்த நீளமே 2 மீற்றருக்குக் கிட்ட. அதனால் 6 அடிக் கட்டு முன்னாலும் பின்னாலும் அதிகம் நீட்டாது. ஆனால் வெறும் தடியைக் கட்டினால் அதிர்வெல்லாம் அதற்குத்தான். எஸ்லோன் (பிளாஸ்ரிக் தண்ணீர்க்) குழாயொன்றில் போட்டுக் குழாயைக் கட்ட வேண்டும். இங்கிலாந்துத் தடிகளில் ரீலுக்கு அடுத்த வளையம் 50 மில்லிமீற்றர் வரை இருக்கும், ஆகவே 110 மில்லிமீற்றர்க் குழாய்தான் சுகம். ஒரு அந்தத்துக்கு மூடி ஒட்டி, அதில் தண்ணீர் வடியச் சின்னத் துளை ஒன்று. மறு அந்தத்துக்குக் கழற்றும் மூடி. அடியில் ஸ்பொஞ்ச். மூன்று இடத்தில் கட்டுங்கள். கட்டி முடிய வண்டி நிற்கும்போதே ஹாண்டிலை இடதுபக்கம் முற்றாகத் திருப்பிப் பாருங்கள். குழாயில் முட்டினால் ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுங்கள். ரோட்டில் வளைவு வந்த பிறகு கண்டுபிடிக்கிற விஷயமில்லை இது.

ஓட்டோவில் குறுக்காக வைக்காதீர்கள், என் கதை தெரியும்தானே. முன் கண்ணாடிப் பக்கத்தில் இருந்து பின் இருக்கையின் மேல் மூலைக்குச் சரிவாக, முழுக்க உள்ளே. உள்ளே அடங்காவிட்டால் அந்த ஓட்டோவில் அந்தத் தடி போகக் கூடாது.

பஸ்ஸுக்கு முதல் பஸ்தான். கூட்டம் ஏறிய பிறகு மேல் தட்டில் இடமிராது, கீழே வைத்தால் மிதிப்பார்கள். ஏறுமுன் கொண்டக்டரிடம் கேட்டு, சாரதி இருக்கைக்குப் பின்னால் சரித்துக் கட்டலாமா என்று பாருங்கள். "அண்ணை, இது முறிஞ்சா மச்சான் என்னை முறிப்பான்" என்று சொன்னபோது ஒருவர் தன் கயிற்றையே எடுத்துக் கட்டித் தந்தார். கிளிநொச்சிக்கு ரயிலில் போக நேரம் ஒத்துவந்தால் அதைவிட நல்லது இல்லை; மேல் தட்டில் நீட்டிப் படுக்க வைக்கலாம். நீளப்பையைக் கண்டு வீதிச் சோதனையில் மறித்தால், முழு நீளத்துக்கும் சிப் திறக்கும் பையென்றால் அரை நிமிட வேலை.

இன்னும் தடி வாங்கவில்லையா? அப்படியென்றால் இந்த நீளத்துக்குள் விழாதீர்கள். 9 அல்லது 10 அடியில், மூன்றாகவோ நாலாகவோ கழரும் தடி எடுங்கள். 10 அடியை நாலாகக் கழற்றினால் இரண்டரை அடிக்குச் சற்று மேல். முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளிலேயே போகலாம். இரண்டேமுக்கால் இறாத்தல் பலமுள்ள தடி, அதாவது நுனியைச் செங்கோணத்துக்கு வளைக்க அவ்வளவு பாரம் வேண்டிய தடி, நம் குளத்துக் கெண்டைக்குத் தாராளம். ஒன்றுக்குள் ஒன்று போகும் இழுவைத் தடி இன்னும் சின்னதாகும், விலையும் மலிவு, ஆனால் ஒவ்வொரு பொருத்துக்குள்ளும் மணல் போகும். ஒருமுறை இறுகினால் மேலே எழுதிய முழங்கால் வித்தைகூட அதற்குப் பலிக்காது.

வீட்டில் வைத்தே வளைந்துவிட்டது

மூலையில் சாய்த்து வைத்தால் மாதக்கணக்கில் ஒரு பக்கம் சாயும். சுவரில் மூன்று கொளுக்கி அடித்து, கிடையாகப் படுக்க வையுங்கள். குசினிப் புகைக்கு மேலே வேண்டாம், தகரக் கூரைக்குக் கீழேயும் வேண்டாம். உறையின் வாயைத் திறந்தே விடுங்கள், காற்றுப் போய்வரட்டும். எனது கொளுக்கிகளில் ஒன்றில் நுனித் தொப்பியும் வெல்க்ரோவும் மெழுகுதிரித் துண்டும் போட்ட சின்னப் பை ஒன்று தொங்குகிறது. அது இல்லாத நாளில் தடியை இறக்குவதில்லை.